சேனைக்கு ஒரு வாளி

ஜனவரி 11

நேற்று பகவதிக்கு வளைகாப்பு. வடசேரியில் அவள் மாமியார் வீட்டிலேயே நடந்தது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் முறை. ஆனால் தடிக்காரன்கோணத்தில் அவளுடைய பிறந்த வீடு என்பது அண்ணன்காரன் நான் ஒருத்தன், முன்னால் என் மோட்டார் வைண்டிங் கடை, பின்னால் மூன்று தேனீப் பெட்டிகள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்க ஒரு பெண் இல்லாத வீட்டுக்கு யார் அனுப்புவார்கள்? நானும் கேட்கவில்லை.

பந்தியில் சமையல்காரன் கொதிக்கக் கொதிக்க ரசத்தைச் சிவப்புப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றிக் கொண்டுவந்தான். குளியலறையில் வைக்கிற மாதிரி வாளி. நான் சும்மா இருந்திருக்கலாம். வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய் சாக்கடையில் கொட்டினேன். பந்தி அப்படியே நின்றுவிட்டது. பகவதியின் மாமியார் ஆவுடையம்மாள் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தாணுவ மட்டும் சேனை தொட விட்டுராதுங்கோ. பிள்ள ஊரையே ரெண்டாக்கிரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேனை என்பது பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகத் தொட்டு வைக்கும் தேன். தொடுகிறவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும் என்பார்கள். தாய்மாமன் தொடுவது எங்கள் குடும்பத்தில் வழக்கம். எனக்கு இந்தக் குணம் வருகிற கதையில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. யார் விரல் என்றால் என்ன? ஆனால் தேன் என் வீட்டுத் தேனாக இருக்கும். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து என் தங்கைக்குப் பிறக்கிற பிள்ளை. கடைத் தேன் அதன் நாக்கில் படக்கூடாது.

ஜனவரி 20

ரப்பர் தோட்டத்தில் இலை முழுக்கக் கொட்டிவிட்டது. தளிர் வரும்போது தேனும் வரும். தேன் சுழற்றும் ஸ்டீல் எந்திரத்தைச் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இரவல் தருவார்கள். மற்றதெல்லாம் நான்தான் சேர்க்க வேண்டும். வடிகட்ட ஒன்று, வடிகட்டிய தேனைத் தெளியவைக்க மூடியுள்ள வாளி ஒன்று, வாளியின் அடியில் ஒரு குழாய். போன வருடம் எடுத்தது ஒரு தூக்குப் போணி அளவுதான். கைக்கு வந்த பாத்திரத்தில் ஊற்றி நானே தின்று தீர்த்தேன். இந்தத் தடவை அப்படி முடியாது.

மார்த்தாண்டத்தில் தேனீச் சாமான் கடை வைத்திருக்கும் ரெஜினாள்தான் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தவள். தேனுக்குப் புளிப்புக் குணம் உண்டு, எதில் ஊற்றினாலும் அதன் வாடையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தாள். வாளியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னாள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்க வேண்டும். பக்கத்தில் தம்ளரும் முள்கரண்டியும் சேர்ந்த படம் இருந்தால் சாப்பாட்டுப் பொருளுக்கு ஆகும். அன்றைக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். இதெல்லாம் எப்படி மண்டையில் நின்றது என்று தெரியவில்லை.

ஜனவரி 24

மாதேவன் மாப்பிள்ளை வந்திருந்தார். பகவதியின் வீட்டுக்காரர், பெயிண்ட் கடையில் வேலை. நான் வாளி தேடுகிறேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆசையாக ஒரு வெள்ளை வாளியைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். பளபளவென்று இருந்தது. கவிழ்த்துப் பார்த்தேன், முக்கோணமும் இருந்தது, 2-ம் இருந்தது. தம்ளர் படம் இல்லை. வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, அவர் காப்பி குடித்து முடித்ததும் திறந்து மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினேன். அவருக்கே முகம் சுருங்கிவிட்டது. பிளாஸ்டிக் எதுவானாலும் முதலில் அதில் இருந்த சரக்குதான் முக்கியம், பெயிண்ட் குடித்த வாளி பெயிண்ட் வாளிதான் என்றேன். இன்னும் கொஞ்சம் சொன்னேன். பிள்ளை பெறப்போகிறவருக்கு இது கூடத் தெரியாதா என்று.

போகும்போது அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 3

நாகர்கோவிலில் பிளாஸ்டிக் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரன் "எல்லாம் நல்ல பிளாஸ்டிக்தான் அண்ணாச்சி" என்றான். எங்கே எழுதியிருக்கிறது காட்டு என்றேன். அடியில் ஒன்றுமே இல்லை. நீலம், பச்சை, கறுப்பு என்று அடுக்கியிருந்த வாளிகளில் பாதி, பழையதை உருக்கி ஊற்றினவை. கையில் தட்டினாலே சத்தம் சொல்லிவிடும். வீட்டைக் கழுவ வாங்கலாம், நாக்கில் வைக்கிற பொருளுக்கு ஆகாது. அடுத்த கடையில் ஊறுகாய் வந்த டப்பா ஒன்று. முக்கோணம், 2, தம்ளர் படம் எல்லாம் இருந்தது. மூடியைத் திறந்ததும் பெருங்காயம். எத்தனை தடவை கழுவினாலும் போகாது என்று கடைக்காரனே ஒத்துக்கொண்டான். நேர்மையான ஆள். அவனோடு சண்டை போடவில்லை.

பிப்ரவரி 4

டீ வடிகட்டி வாங்கினேன். பிள்ளையின் தேனை டீ வடிகட்டியில் வடிக்கவா என்று எனக்கே கோபம் வந்து திருப்பிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 15

மூன்று நாள் முன்னால் வாளி கிடைத்தது. கேக் கடைகளுக்குச் சாமான் போடுகிறவரிடம் சொல்லிவைத்திருந்தேன். புது வாளி, எதுவும் ஊற்றாதது, பால் வெள்ளை. எல்லா அடையாளமும் இருக்கிறது. அடையாளம் இருந்தால் மட்டும் நான் நம்பிவிடுவேனா? சர்க்கரைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து வாளியில் கொஞ்சம், கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி மூடிவைத்தேன். இரண்டு நாள் கழித்து மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை. வடிகட்டக் கெட்டியான நைலான் வலையும் வெள்ளையாகவே வாங்கியாயிற்று.

குழாய்க்கு மார்த்தாண்டம் போக வேண்டாம். வாளியில் துளை போடவும் குழாய் மாட்டவும் எனக்குத் தெரியாதா? பம்பு செட்டைப் பிரித்து மாட்டுகிறவன்.

பகவதி போன் பண்ணினாள். கால் வீங்கியிருக்கிறதாம். மாப்பிள்ளை ஏன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்டாள். தெரியாது என்றேன். சேனை பற்றி அவளாகப் பேசுவாள் என்று பார்த்தேன். பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

பிப்ரவரி 26

முதல் எடுப்பு. பெட்டியின் மேல் தட்டில் அடை கட்டியிருந்த சட்டங்களில் முக்கால்வாசி மெழுகு மூடியிருந்தது. மூடாத தேனை எடுத்தால் தண்ணீர் நிற்கும், புளித்துப்போகும். கையில் கொட்டு வாங்கினேன், புருவத்திலும் ஒன்று. எந்திரத்தில் சுழற்றி வலையில் வடித்து வாளியில் விட்டபோது வெயிலில் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீங்காத ஒரு கண்ணால்தான் பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது. தனியாள் சந்தோஷப்படுவது கொஞ்சம் சங்கடமான காரியம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடைக்கு மோட்டார் கொண்டுவந்தவரிடம் சொன்னேன். அவர் மோட்டார் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

மார்ச் 2

குழாயைத் திறந்து ஒரு கரண்டி பிடித்து வாயில் வைத்தேன். துப்பினேன்.

பழைய டியூபை நக்கினது போல. வாளியின் மேலிருந்து எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடியில்தான் கெட்டிருக்கிறது. குழாயைக் கழற்றினேன். உள்ளே என் கடையில் கிடந்த கறுப்பு ரப்பர் வாஷர், கசியாமல் இருக்கப் பம்புக்குப் பூசுகிற பசை. இரண்டையும் மாட்டியது நான். வாளிக்காக ஊரெல்லாம் சண்டை பிடித்துவிட்டு, என் கையாலேயே பம்பு வாஷரை மாட்டியிருக்கிறேன். தினமும் அந்த வாஷரோடு புழங்குகிறவனுக்கு அதன் நாற்றம் தெரியாது. மாப்பிள்ளைக்குப் பெயிண்ட் வாடை தெரியாமல் இருந்தது போலத்தான்.

மேலே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று மனசு சொன்னது. மொத்தத்தையும் குழி வெட்டி ஊற்றி மூடினேன். திறந்து வைத்தால் தேனீ அதையே எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் போகும். வாளியையும் உடைத்தேன். அழுகை வந்தது. கோபத்தில் வந்ததுதான்.

மார்ச் 4

மார்த்தாண்டம். ரெஜினாள் கடையில் தேனுக்கென்றே செய்த வாளியும் குழாயும் இருந்தன. குழாயின் வாஷர் வெள்ளை சிலிகான். தம்ளர் படம் குழாயிலும் இருக்கிறது. மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. இத்தனை கேள்வி கேட்கிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லையாம். யாருக்குத் தேன் என்று கேட்டாள். சொன்னேன். அதற்கு அவள் ஏதோ சொன்னாள். எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

பஸ்ஸில் கூட்டம். வாளியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5

வேலை ஓடவில்லை. ஒரு மோட்டாருக்குக் கம்பிச் சுருளைத் தலைகீழாகக் கட்டி மறுபடி பிரித்தேன்.

மார்ச் 9

புது வாளியையும் சோதித்தாயிற்று. குழாயைத் தனியாகச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்தேன், வலையையும் பார்த்தேன். எல்லாம் சுத்தம். இதற்கு மேல் சுத்தமாக ஒருத்தன் தேன் எடுக்க முடியாது. ரெஜினாளாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, வந்து பார்க்கட்டும்.

பகவதிக்கு இந்த மாதக் கடைசி என்று சொல்லியிருக்கிறார்கள். ஆவுடையம்மாள் அத்தை சேனை தொடுவதற்குத் தன் தம்பியைத் திசையன்விளையிலிருந்து வரச்சொல்லியிருக்கிறாளாம். சாந்தமான மனுஷன், கோயில் காரியஸ்தர், அதிர்ந்து பேசமாட்டார். மாப்பிள்ளையே போனில் சொன்னார். சொல்லிவிட்டு ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நல்லது என்றேன்.

சோறு ஆக்கவில்லை இன்றைக்கு.

மார்ச் 12

கையில் பழைய கொட்டு இன்னும் அரிக்கிறது என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அரிப்பு போனவாரமே போய்விட்டது. அங்கே நர்ஸிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

ரெஜினாள் சொன்னதை இப்போது எழுதுகிறேன். ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் ஒரு துளி கூடக் கூடாது என்றாள். எந்தத் தேனும். என் தேன் சுத்தமானது என்று நான் கத்தினேன். "வாளியில உள்ளது இல்ல அண்ணா. தேனுக்குள்ளேயே இருக்கது. அத எந்த வாளியும் மாத்தாது" என்றாள். சாமானை விற்றுவிட்டு அதே வாயால் இப்படிச் சொல்கிறாளே என்று திட்டிவிட்டு வந்தேன்.

நர்ஸும் அதைத்தான் சொன்னார். தேனில் சில சமயம் ஒரு கிருமியின் விதை கிடக்குமாம். கண்ணுக்குத் தெரியாது, ருசியிலும் தெரியாது. பெரியவர்கள் வயிற்றில் ஒன்றும் செய்யாது. பச்சைப்பிள்ளையின் குடலில் முளைத்தால் விஷம் கக்கும், கைகால் துவண்டுவிடும், மூச்சே நிற்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் வராது, அபூர்வம்தான், ஆனால் வந்தால் யார் பொறுப்பு என்று என்னைக் கேட்டார். கொதிக்கவைத்துக் கொடுத்தால் என்றேன். கொதிக்கவைத்தாலும் சாகாதாம். சர்க்கரைத் தண்ணீர் என்றேன். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர் கூட வேண்டாம் என்றார்.

திரும்பி நடந்துதான் வந்தேன்.

மார்ச் 15

இரண்டாம் எடுப்பு. இனி இது எதற்கு? சட்டம் மூடியிருந்தது, எடுத்தேன். வாளி, குழாய், வலை எல்லாம் அதனதன் வேலையைச் செய்தன. தெளிந்ததும் குழாயைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தேன். என் வாழ்க்கையில் இப்படி ஒரு தேனைக் குடித்ததில்லை.

யாரும் என்னைச் சேனை தொடக் கூப்பிடப் போவதில்லை. அதனால் இதைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மார்ச் 16

அவசியம் உண்டு. அந்தக் காரியஸ்தர் விரலில் எந்தத் தேன் இருந்தாலும் அது தேன்தானே. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலில் வாளி விஷயத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை. அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பிறகு அவரே கூப்பிட்டார். அத்தை சொன்னாளாம், "அவன் தொடக்கூடாதுன்னு சொன்னோம்லா, அதுக்கு யாருமே தொடக்கூடாதுன்னு ஒரு கதைய கட்டுகான்."

அவள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

மார்ச் 22

நாகர்கோவிலில் அறை கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில். கடையைப் பூட்டிவிட்டுப் போகப்போகிறேன். மோட்டார்காரர்கள் திட்டட்டும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் நான் அங்கே நிற்க வேண்டும்.

மார்ச் 28

பெண் பிள்ளை. விடியற்காலையில் பிறந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

காலையில் வார்டுக்குள் போனேன். பகவதி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப் பொட்டலம், அதற்குள் கையளவு முகம். அப்படியே எங்கள் அம்மா மூக்கு. ஆவுடையம்மாள் அத்தை கட்டில் பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றாள். கிண்ணத்தில் தேன். திசையன்விளைக்காரரும் வேட்டி மடிப்புக் கலையாமல் ஒரு ஓரத்தில் நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நீயே தொடு தாணு. உனக்க தங்கச்சி ஒத்தக்கால்ல நிக்கா. நீ தொடணும், வேற யாரும் தொடாண்டாமாம்."

இரண்டரை மாதமாக யார் விரல் என்றால் என்ன என்று இதே டைரியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதினதெல்லாம் பொய். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாய், என் குணம் பிள்ளைக்கு வந்தால் என்ன ஆவது என்று பகவதியிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. மாமியார் பக்கத்தில் நிற்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

"வரட்டும் அண்ணே. பத்து வருசமா பிள்ள இல்லன்னு எத்தன பேரு எத்தன சொன்னாவ. கோயில்ல சொன்னாவ, கல்யாண வீட்டுல சொன்னாவ, இந்த வீட்டுக்குள்ளயும் சொன்னாவ. நான் தலைய குனிஞ்சுட்டு வந்தேன். எனக்க பிள்ள குனியாண்டாம். உன்ன மாதிரி மூஞ்சிக்கு நேரா கேக்கட்டும்."

அத்தை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரே திட்டுகிற என் குணத்தை ஒருத்தி தன் பிள்ளைக்கு வேண்டும் என்று கேட்கிறாள். நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். என் விரல் தேன் வரைக்கும் போனது உண்மை. அதை ஒளிக்கப் போவதில்லை.

"தொடமாட்டேன்" என்றேன்.

பகவதியின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். அவளுக்கு இந்த விஷயம் எதுவும் தெரியாது. பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்த வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லாமல் வைத்திருக்கிறார். நான் நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் எல்லாப் பிள்ளைக்கும் தொட்டோம், ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று அத்தை சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை. ஆகவில்லைதான். ஆகாத பிள்ளைகளை வைத்து ஆகப்போகிற பிள்ளையைக் கணக்குப் பண்ணலாமா என்று கேட்டேன். வீம்புக்குச் சொல்கிறாய் என்றாள். வீம்பாக இருந்தால் கிண்ணம் என் கையில் இருக்கும்போது வேண்டாம் என்பேனா என்று கேட்டேன். அவள் கையை நீட்டி, விரலைத் தேனில் முக்கப் பார்த்தாள். நான் கிண்ணத்தைத் தலைக்கு மேலே தூக்கினேன். அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினேன் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். திசையன்விளைக்காரர் வெளியே போய்விட்டார்.

டியூட்டி நர்ஸ் ஓடிவந்தாள். கிண்ணத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். தேன் கூடாது, எதுவும் கூடாது, தாய்ப்பால் மட்டும்தான் என்று அத்தையிடம் அதட்டலாகச் சொன்னாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, இது பிரசவ வார்டு, இப்படிக் கத்துகிற ஆள் இங்கே நிற்கக்கூடாது, வெளியே போங்கள் என்றாள். கிண்ணத்தோடு வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மருமகளை ஒரு தடவை கூடத் தொடவில்லை. முதல் நாளே சண்டையோடு அவள் எதிரில் நின்றிருக்கிறேன். பகவதி என்ன நினைப்பாளோ.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம். சாதாரண அழுகை இல்லை. வராந்தாவில் போகிறவர்கள் நின்று திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, மூச்சுப் பிடித்து, யாரையோ நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற மாதிரி அழுகை. என்ன ஆச்சோ என்று எழுந்தேன். அதற்குள் மாதேவன் மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்ல. பால் தர ரெண்டு நிமிசம் தாமசம் ஆயிட்டு, அதுக்குத்தான். பகவதி உள்ள கெடந்து சிரிக்கா. அம்மா என்ன சொல்லுகா தெரியுமா? 'தொடாமலே குணம் வந்துட்டே'ங்கா."

நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை கோபம் ஒன்றும் இல்லை.